குழந்தைக்குத் திடீரென வாய் கோணினால்: முகவாதம், உண்ணி, லைம் நோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தருமபுரியில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர். வருஷத்துக்கு நாலைந்து முறையாவது, காலை ஓ.பி. தொடங்கும் முன்பே ஒரு குடும்பம் கதவருகில் வந்து நிற்கும். குழந்தை தெம்பாகத்தான் இருக்கும், கையில் கடித்த பன்கூட இருக்கும். கூட வந்த பெரியவர்கள் முகத்தில்தான் ரத்தமே இருக்காது. "ராத்திரி நல்லாத்தான் தூங்கினான் மேடம். காலையில வாய் கொப்பளிச்சா தண்ணி ஒரு பக்கமா ஒழுகுது. வாய் இழுத்துக்கிச்சு." முன்பெல்லாம் இதற்கு அடுத்த கேள்வி "பேய் அறைஞ்சிருக்குமா?" என்பதாக இருக்கும். இப்போது பாதிப் பேர் ஃபோனை நீட்டுகிறார்கள்: "லைம் நோய்னு போட்டிருக்கே, அதுவா? எங்க வீட்டு நாய்க்கு உண்ணி இருக்கு."

இரண்டு கேள்விக்கும் ஓ.பி. நேரத்தில் பொறுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. இது பக்கவாதமா?

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இல்லை. மூளையிலிருந்து முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பு, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாக வருகிறது. காதின் அடியில் வெளியே வந்து, விசிறி போலப் பிரிந்து நெற்றி, இமை, கன்னம், உதடு எல்லாவற்றையும் அசைக்கிறது. அந்தக் குழாய்க்குள் நரம்பு வீங்கினால் வீங்க இடமில்லை, நசுங்கிப்போகும். அந்தப் பக்கத்து முகம் மொத்தமும் தளர்ந்துவிடும். இதைத்தான் முகவாதம் என்கிறோம். காரணம் எதுவும் பிடிபடாமல் வருவதற்கு பெல்ஸ் பால்சி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நரம்பைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயர் அது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தலையை அசைக்காமல் மேலே ஓடும் ஃபேனைப் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றியில் சுருக்கம் இரண்டு பக்கமும் விழுகிறதா? வாய் கோணியிருக்கிறது, ஆனால் நெற்றி இரண்டு பக்கமும் நன்றாகச் சுருங்குகிறது என்றால் கோளாறு மூளைக்குள் இருக்கலாம். அப்போது ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. நெற்றியும் சேர்ந்து ஒரு பக்கம் வழவழவென்று நின்றுவிட்டால் கோளாறு நரம்பில். அப்போதும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஆனால் அலற வேண்டியதில்லை.

இன்னொன்று. பத்தில் ஒன்பது பெற்றோர் தவறான பக்கத்தைக் காட்டுவார்கள். வாய் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அது நல்ல பக்கம். எதிர்ப்பக்கம் தளர்ந்துவிட்டதால்தான் நல்ல பக்கத்துத் தசை வாயைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. இமை மூடாத கண்ணுக்குக் கொடுத்த சொட்டு மருந்தை நல்ல கண்ணில் விட்டுக்கொண்டிருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஆயா, பேய் அறைந்துவிட்டது, மந்திரித்தால் போதும் என்கிறார்.

ஆயாவிடம் சண்டை போட வேண்டாம். அவர் காலத்தில் மந்திரித்தவர்கள் பலருக்குச் சரியானது உண்மை. ஏனென்றால் குழந்தைகளின் முகவாதம் பெரும்பாலும் தானாகவே சரியாகும். பெருமை வேப்பிலைக்குப் போய்விட்டது. தாயத்துக் கட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மந்திரித்துவிட்டு மூன்று நாள் கழித்து வராதீர்கள். மருத்துவமனைக்கு முதலில், கோயிலுக்கு அப்புறம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். அந்தக் காற்றுதான் காரணமா?

குளிர்காற்று, ஃபேன், தலைக்குக் குளித்தது, ஐஸ்கிரீம் எல்லாவற்றின்மீதும் பழி விழுகிறது. இவற்றால்தான் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. உடம்பில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் ஹெர்ப்பிஸ் வகை வைரஸ் மறுபடி தலைதூக்கி நரம்பை வீங்க வைக்கிறது என்பதுதான் இப்போதைக்குப் பலரும் ஏற்கும் விளக்கம். சளி காய்ச்சல் வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில் சில குழந்தைகளுக்கு வருவதும் உண்டு. ஒட்டுவாரொட்டி இல்லை. தம்பி தங்கையைத் தனியே படுக்க வைக்க வேண்டாம்.

எப்போது 108ஐ அழைக்க வேண்டும்?

முகத்தோடு சேர்த்துக் கையோ காலோ தளர்ந்தால், வலிப்பு வந்தால், குழந்தை மந்தமாகித் தூங்கிக்கொண்டே இருந்தால், கடுமையான தலைவலியோடு வாந்தி எடுத்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், தலையில் அடிபட்ட பிறகு முகம் கோணினால் உடனே அழையுங்கள். முகத்தின் இரண்டு பக்கமும் தளர்ந்து, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலும் அப்படித்தான். நெற்றிச் சோதனையை மேலேயே சொல்லிவிட்டேன்.

சித்தேரியிலோ வத்தல்மலையிலோ அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டுக் கிராமங்களிலோ இருப்பவர்கள் "காலையில் பார்க்கலாம்" என்று நினைப்பது எனக்குப் புரிகிறது. மேலே சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லாமல், விளையாடிக்கொண்டு, முகம் மட்டும் கோணிய குழந்தைக்கு விடியும்வரை காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் அந்த இரவிலேயே கண்ணைக் கவனிக்க வேண்டும். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

டாக்டர் காதைப் பார்க்கிறார், பி.பி. பார்க்கிறார், வயிற்றை அமுக்குகிறார். முகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. பெல்ஸ் பால்சி என்பது மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகு வைக்கும் பெயர். நம் பக்கத்தில் நான் முதலில் தேடுவது காதில் சீழ். "காது ஒழுகுது, அது சின்ன வயசுலேர்ந்து ஒழுகும்" என்று அலட்சியமாகச் சொல்வார்கள். அந்தச் சீழ்தான் உள்ளே எலும்பை அரித்து நரம்பைத் தொட்டிருக்கும். காதுக்குப் பின்னால் வீங்கிக் காது முன்பக்கம் தள்ளி நின்றால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும். காதின் மடலிலோ துவாரத்திலோ சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் அது சின்னம்மை வைரஸின் வேலை, மருந்தும் வேறு.

குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதில்லை என்பதே பலருடைய எண்ணம். சிறுநீரகக் கோளாறால் பி.பி. மிக அதிகமாகி, அதன் முதல் அடையாளமாக முகம் கோணிய குழந்தைகள் உண்டு. வயிற்றை அமுக்குவது கல்லீரல், மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க. ரத்தப் புற்றுநோயும் அபூர்வமாக இப்படித் தொடங்கும். அதனால்தான் வெளிறிப்போன, அடிக்கடி காய்ச்சல் வரும், நெறிகட்டிய குழந்தைக்கு, நரம்பு வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கும் முன்பே ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும். ஸ்டீராய்டு போட்டுவிட்டால் அந்த நோயைச் சில நாட்களுக்கு மறைத்துவிடும். மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று கத்துவதற்கு இது ஒரு காரணம். நீண்ட நாள் காய்ச்சல், எடை குறைவு, வீட்டில் யாருக்காவது காசநோய் என்றால் அதையும் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சலாக வரும் காசநோய் முக நரம்பையும் பிடிக்கும்.

கூகுளில் தேடினால் லைம் நோய் என்று வருகிறது. அது என்ன?

எலுமிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஓர் ஊர். 1970களின் நடுவில் அங்கே பல குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் முழங்கால் வீக்கம் வந்தது. தாய்மார்கள் விடாமல் கேள்வி கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவர்கள் அங்கே தேட ஆரம்பித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் உண்ணியின் வயிற்றில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் பெயரையும் சேர்த்து அதற்கு பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே அதைப் பரப்புவது மான் உண்ணி என்று சொல்லப்படும் ஒரு வகை உண்ணி. கிருமியைச் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் காட்டு எலிகள். உண்ணியின் சிறு பருவம் கசகசா அளவுதான் இருக்கும், அதனால் கடித்ததே பலருக்கு நினைவிருக்காது. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடம்புக்குள் போகும். முதலில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் தோன்றி, நாளுக்கு நாள் பெரிதாகும். சிலருக்கு நடுவில் வெளுத்து வளையம் போல நிற்கும். வாரங்கள் கழித்து நரம்பைப் பிடிக்கும். குழந்தைகளுக்கு அது அதிகமும் முக நரம்பாகத்தான் இருக்கும், சில சமயம் இரண்டு பக்கமும். மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கும்.

அந்த நோய் பரவலாக இருக்கும் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களில், முகம் கோணி வரும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் லைம்தான் காரணம் என்று காட்டிய ஆய்வும் உண்டு. அங்கே எழுதியதை நீங்கள் இங்கே படிக்கிறீர்கள். அங்குள்ள பெற்றோருக்கு அது சரியான தகவல். பாலக்கோட்டுப் பெற்றோருக்கு அதே வரி வேறு அர்த்தம் தரும்.

அப்படியென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரியில் லைம் வராதா?

இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, வெளிநாடு போகாத ஒரு குழந்தையின் முகவாதத்துக்கு லைம் காரணமாக இருந்து நான் இதுவரை பார்த்ததில்லை. இந்தியாவில் அங்கொன்று இங்கொன்றாக நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். கர்நாடகத்தின் நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சிலருக்கு இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் தென்பட்டது. ஆனால் எதிர்ப்பொருள் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. நம் வீட்டு நாயிலும் மாட்டிலும் ஊரும் உண்ணிகள் லைமைப் பரப்பும் அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

ஆகவே காட்டோரம் வாழ்கிறோம், உண்ணி கடித்தது என்பதை மட்டும் வைத்து லைம் என்று முடிவு கட்ட வேண்டாம். தேன்கனிக்கோட்டைக் காடும் ஒகேனக்கல் காடும் கனெக்டிகட் இல்லை.

ஆனால் "உண்ணிக் காய்ச்சல்" என்று இங்கேயே சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். குழப்பமே அந்தப் பெயரில்தான். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று பேசப்படுவது அநேகமாக ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது நாம் கண்ணால் பார்க்கும் உண்ணி அல்ல, புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சியின் குட்டி. கிருமி வேறு, நோய் வேறு. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய பனிக்காலத்திலும் அதிகம் வரும். விடாத காய்ச்சல், தலைவலி, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. பொருக்கு இருக்கும் இடம் அக்குளோ தொடையிடுக்கோ காதின் பின்பக்கமோ, அதாவது அம்மாக்கள் குளிப்பாட்டும்போது மட்டுமே பார்க்கும் இடங்கள். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் விடாவிட்டால் குழந்தையின் சட்டையை முழுக்கக் கழற்றிப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

ஸ்க்ரப் டைபஸ் மூளையையும் நரம்பையும் பிடிப்பதுண்டு, ஆனால் முகம் மட்டும் கோணிக் காய்ச்சலே இல்லாமல் வருவது அதன் வழக்கமில்லை. இதற்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், லைமுக்கும் டாக்ஸிசைக்ளின் என்பதால் "ரெண்டும் ஒண்ணுதானே" என்று ஒரு தந்தை கேட்டார். தாழ்ப்பாள் ஒன்றாக இருப்பதால் வீடும் ஒன்றாகிவிடாது.

இதைத் தவிர உண்ணி பரப்பும் உண்மையான காய்ச்சல்களும் தென்னிந்தியாவில் உண்டு. நாய் உண்ணியால் வரும், உடம்பில் புள்ளி புள்ளியாகத் தடிக்கும் காய்ச்சல் ஒன்று. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் இன்னொன்று. இரண்டிலும் முகம் கோணுவது முக்கிய அடையாளம் இல்லை.

உண்ணிக்கும் முகவாதத்துக்கும் இங்கே சம்பந்தமே இல்லையா, அப்போ?

ஒரு சம்பந்தம் இருக்கிறது, அது கூகுளின் முதல் பக்கத்தில் வராது. காதுக்குள் உண்ணி. ஆடு மாட்டுப் பட்டியில் படுத்துத் தூங்கும் பிள்ளைகள், நாயைக் கட்டிக்கொண்டு உறங்கும் பிள்ளைகள், இவர்களின் காதுக்குள் உண்ணி ஏறிச் செவிப்பறை வரைக்கும் போய்க் கடித்து ஒட்டிக்கொள்ளும். பயங்கரமான வலி, குடைச்சல், சில சமயம் ரத்தக் கசிவு. அதோடு அந்தப் பக்கத்து முகமும் தளர்ந்துபோன நோயாளிகள் மலேசியா, இலங்கை, இந்தியா ஆகிய இடங்களிலிருந்து பதிவாகியிருக்கிறார்கள். உண்ணியின் எச்சிலில் இருக்கும் நச்சோ, அந்த இடத்து வீக்கமோ நரம்பைத் தொடுகிறது. எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனவே "காது வலிக்குது, வாய் கோணுது, பட்டியில படுத்திருந்தான்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். காதுக்குள் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், ஹேர்பின் விட்டுக் குடையாதீர்கள். உயிரோடு இருக்கும் உண்ணியைக் கிளறினால் இன்னும் இறுகக் கடிக்கும், செவிப்பறையும் கிழியும். காது மூக்கு தொண்டை மருத்துவர் கருவி வைத்துப் பார்த்து எடுப்பார்.

தோலில் ஒட்டிய உண்ணியை எப்படி எடுப்பது? மண்ணெண்ணெய் வைக்கலாமா?

மண்ணெண்ணெய், பீடி நெருப்பு, சுண்ணாம்பு, நெயில் பாலிஷ் எதுவும் வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக, நிதானமாக மேலே இழுங்கள். நசுக்கக் கூடாது. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய்ப்பகுதி கொஞ்சம் தோலில் தங்கிவிட்டால் நோண்ட வேண்டாம், தானாக வெளியேறிவிடும். காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் அந்தத் தேதி எனக்குத் தேவைப்படும்.

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். பேரன் லீவுக்கு ஓசூர் வந்த இடத்தில் முகம் கோணிவிட்டது. இப்போதும் லைம் இல்லை என்பீர்களா?

மாட்டேன். இப்போது லைம்தான் என் முதல் சந்தேகம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், முக்கியமாக ஓசூரில், இந்தக் கேள்வி இனிமேல் அதிகமாகத்தான் வரும். அங்கே உண்ணியின் சிறு பருவம் கடிப்பது வசந்தத்தின் கடைசியிலும் கோடையிலும். அங்குள்ள பள்ளிகளுக்கு விடுமுறை ஜூனில் தொடங்குகிறது. கடித்துச் சில வாரங்களில் முகம் கோணும். கணக்குப் போட்டால், அங்கே கடி வாங்கிய குழந்தைக்கு இங்கே ஆயா வீட்டில் அறிகுறி தோன்ற எல்லா வாய்ப்பும் இருக்கிறது. இங்குள்ள மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்ல வேண்டும்: எந்த மாநிலம், வீட்டுக்குப் பின்னால் புல்வெளியோ மரக்கூட்டமோ உண்டா, முகாம் போனானா, உடம்பில் பெரிய சிவப்பு வட்டம் ஏதாவது வந்ததா. ஜெர்மனி, ஸ்வீடன், ஆஸ்திரியா போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் இதே கேள்விகள். அங்கேயும் லைம் உண்டு, உண்ணி மட்டும் வேறு வகை.

லைம் என்று முடிவானால் டாக்ஸிசைக்ளின் இரண்டு மூன்று வாரம் கொடுப்போம். "எட்டு வயசுக்குள்ள கொடுத்தா பல்லு கறுத்துடும்" என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் பழைய டெட்ராசைக்ளின் மருந்துகளிலிருந்து வந்தது. 21 நாள் வரையிலான டாக்ஸிசைக்ளினை எந்த வயதுக் குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கமே சொல்லிவிட்டது. இந்த மருந்து முகத்தைச் சீக்கிரம் நேராக்குவதற்கு அல்ல. பின்னால் மூட்டு வீங்காமல், கிருமி வேறெங்கும் போகாமல் தடுப்பதற்கு. முகம் பெரும்பாலும் தன் போக்கில் திரும்பிவிடும். லைம் இருக்கும் என்ற சந்தேகம் வந்தால் ஸ்டீராய்டு கொடுக்க நான் தயங்குவேன்.

எதற்கும் ஒரு லைம் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதிதானே?

நிம்மதி போய்விடும். லைமுக்கான ரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, எதிர்ப்பொருளைத் தேடுகிறது. இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டிய சோதனை அது. முதல் கட்டம் மட்டும் எடுத்தால் வேறு கிருமிகளுக்கு உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளையும் லைம் என்று காட்டக்கூடும். நோய் அதிகமுள்ள ஊரில் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் உண்மை. நோயே அபூர்வமான ஊரில் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் பொய். அரூரை விட்டு வெளியே போகாத ஒரு குழந்தைக்குப் பெரிய பேக்கேஜில் இதையும் சேர்த்து எடுத்து, கிடைத்த பொய்யான பாசிட்டிவை வைத்து ஒரு குடும்பம் இரண்டு மாதம் தூக்கம் கெட்டு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்குக் கண்ணீர்ச் சொட்டு மருந்தும் பிள்ளைக்கு ஒரு நல்ல கண்ணாடியும் வாங்கியிருக்கலாம்.

பயணம் போன குழந்தைக்கு எடுங்கள். ஆனால் முகம் கோணிய முதல் சில நாட்களில் சிலருக்கு எதிர்ப்பொருள் போதுமான அளவு உருவாகாமல் இருக்கலாம். நெகட்டிவ் வந்தாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

கண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். முகம் சரியாகிவிடும். கண் கெட்டால் திரும்பாது.

அந்தப் பக்கத்து இமை முழுதாக மூடாது. தூங்கும்போது வெள்ளை விழி தெரியும். இமை மூடாத கண் காயும், காய்ந்த கருவிழியில் புண் வரும். நம் ஊர்த் தூசியும் டூவீலரின் முன்னால் நிறுத்திக் கூட்டிப்போகும் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பகலில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர் சொட்டு, இரவில் கண்ணுக்கான களிம்பு. அப்புறம் இமையை விரலால் மெல்ல மூடி, மேல் இமைக்குக் குறுக்காக மருத்துவ டேப் ஒட்டுங்கள். பஞ்சையோ துணியையோ நேராகக் கண்மேல் வைத்துக் கட்டாதீர்கள், உள்ளே இமை திறந்துகொண்டால் அதுவே உராய்ந்து புண்ணாக்கும். வெளியே போனால் கண்ணாடி.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கண்ணில் விடக் கூடாது. கண் சிவந்தால், கூசினால், வலித்தால் அன்றே கண் மருத்துவர். இரவில் அகப்பட்டுக்கொண்டு மருந்து எதுவும் கையில் இல்லையென்றால், இமையை மூடி டேப் ஒட்டுவதையாவது செய்யுங்கள்.

ஸ்டீராய்டு கட்டாயமா?

பெரியவர்களுக்கு முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் பலன் உண்டு என்பது உறுதியானது. குழந்தைகளிடம் கதை அவ்வளவு தெளிவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 187 குழந்தைகளுக்குப் பாதிப் பேருக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் மீதிப் பேருக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு மாதத்தில் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சரியாகியிருந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. ஆறு மாதத்தில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 99 சதவீதம், எடுக்காதவர்களில் 93 சதவீதம். கொடுக்கும் மருத்துவரும் தப்பில்லை, கொடுக்காதவரும் தப்பில்லை. நான் முகம் முழுக்கத் தளர்ந்த பெரிய குழந்தைகளுக்கு, மேலே சொன்ன சோதனைகளை முடித்துக்கொண்டு கொடுக்கிறேன். லேசாகக் கோணிய சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

பிசியோதெரபியில் கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள். பபுள்கம் மெல்ல, பலூன் ஊதச் சொல்கிறார்கள்.

மெல்லும் தசைகளை இயக்குவது ஏழாவது நரம்பே இல்லை, ஐந்தாவது நரம்பு. பபுள்கம் மென்றால் தாடைக்கு வேலை, முகவாதத்துக்குப் பலனில்லை. சின்னக் குழந்தை பலூனை விழுங்கினால் மூச்சே அடைத்துவிடும். கரண்ட் வைப்பதால் குழந்தைகளுக்குச் சீக்கிரம் சரியாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. முதல் வாரங்களில் அதற்காக பென்னாகரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வர வேண்டாம் என்பேன். விரல் நுனியால் கன்னத்தை மெல்ல நீவி விடுவது, அசைவு திரும்பத் தொடங்கிய பின் கண்ணாடி முன் நின்று மெதுவாகச் சிரிப்பது, உதடு குவிப்பது, இவை போதும். முறைத்து முறைத்து வலுக்கட்டாயமாகச் செய்ய வைக்காதீர்கள்.

புறா ரத்தம் தேய்க்கலாமா?

வேண்டாம். பயன் இல்லை, புறாவுக்கும் நல்லதில்லை. கன்னத்தில் எரிச்சல் தரும் பச்சிலை அரைத்துக் கட்டி, தோல் வெந்து வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். முகவாதம் தடம் தெரியாமல் போய்விட்டது, பச்சிலைத் தழும்பு கன்னத்தில் இருக்கிறது.

பத்தியம்?

இல்லை. களி, கீரை, முட்டை, மாம்பழம் எல்லாம் சாப்பிடலாம். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் சோறு தங்கும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வையுங்கள். நாக்கின் முன்பகுதியில் சுவை குறைந்தது போலச் சொல்வார்கள், அந்தப் பக்கத்துக் காதில் மிக்ஸி சத்தம் அதிகமாகக் கேட்கிறது என்பார்கள். இரண்டும் அதே நரம்பின் கிளைகள்தான்.

எத்தனை நாளில் சரியாகும்? மறுபடி வருமா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஓர் அசைவு திரும்பும், மூன்று மாதத்துக்குள் முழுக்கச் சரியாகும். வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு சின்ன வீடியோ எடுங்கள்: நெற்றியைச் சுருக்கி, கண்ணை இறுக மூடி, பல்லைக் காட்டி. தினம் பார்க்கும் அம்மாவுக்கு மாற்றம் தெரியாது, வீடியோவில் தெரியும். எனக்கும் அதுதான் பயன்படும்.

மூன்று மாதம் ஆகியும் அசைவே இல்லை, அல்லது ஒரே நாளில் வராமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது, அல்லது அதே பக்கம் மறுபடி வந்தது என்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் தேவை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கலாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் அந்த ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. மறுபடி வருவது கொஞ்சம் பேருக்கு மட்டுமே.

சிலருக்கு நரம்பு திரும்ப வளரும்போது தடம் மாறிவிடும். சிரித்தால் கண் மூடும், சாப்பிட்டால் கண்ணீர் வரும். இந்த இடத்தில்தான் பிசியோதெரபிஸ்ட் உண்மையில் உதவுவார்.

பள்ளிக்கு அனுப்பலாமா? "கோண வாயா" என்கிறார்களாம்.

அனுப்பலாம், உடம்புக்குத் தடை எதுவும் இல்லை. முதல் நாள் நீங்களே போய் வகுப்பு ஆசிரியையிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இது ஒட்டாது, சில வாரத்தில் சரியாகும், நடுவில் ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். மருந்து விடும் வேலையை எந்தப் பிள்ளை அதிகமாகக் கேலி செய்கிறதோ அந்தப் பிள்ளையிடம் ஓர் ஆசிரியை ஒப்படைத்தார். மருந்து நேரம் தவறவே இல்லையாம். குரூப் ஃபோட்டோ எடுக்கும் நாளாக இருந்தால் பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

எங்கள் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே அழும்போது மட்டும் வாய் ஒரு பக்கம் கோணுகிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. கண் நன்றாக மூடுகிறது, நெற்றி சுருங்குகிறது, சும்மா இருக்கும்போது முகம் நேராக இருக்கிறது, அழும்போது மட்டும் கீழுதட்டின் ஒரு பக்கம் இறங்கவில்லை என்றால், உதட்டைக் கீழே இழுக்கும் ஒரு சின்னத் தசை அந்தப் பக்கம் வளராமல் போயிருக்கலாம். வளர வளர வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இப்படிப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு இதயத்திலும் கோளாறு இருப்பதுண்டு. அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது மறக்காமல் சொல்லுங்கள், இதயத்துக்கு ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம்.